செம்மலர்களும் ரீங்காரச்சிட்டுகளும்

தோட்டத்தில் சிவப்பு மலர்கள் பூத்தால் ரீங்காரச்சிட்டு தேடி வரும் என்பது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வீட்டுத் தோட்டம் வளர்ப்போரிடையே வேரூன்றிய நம்பிக்கை. ஹம்மிங் பறவை என்று பரவலாக அறியப்படும் இச்சிறு பறவை, சிறகடிக்கும்போது எழும் ரீங்கார ஒலியாலேயே இப்பெயரைப் பெற்றது. செம்மலர்களை நாடி அது வருவது உண்மைதான். ஆனால் அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அதாவது பறவைக்குச் சிவப்பின்மீது பிறவியிலேயே தனி விருப்பம் உண்டு என்ற கருத்து, ஆய்வுகளில் நிலைபெறவில்லை. தேனீயின் கண் எதைக் காணத் தவறுகிறது, பறவை தன் அனுபவத்தில் எதைக் கற்றுக்கொள்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள்தான் செந்நிறத்தின் பொருள் அடங்கியிருக்கிறது. இதை உணர்ந்து செடிகளைத் தேர்ந்தெடுக்கும் தோட்டம் பறவைக்கு உணவளிக்கிறது. நிறத்தை மட்டும் நம்பி நடப்பட்ட தோட்டமோ பல வேளைகளில் அதை வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்பிவிடுகிறது.

மூன்று கிராம் உடலின் பசி

ரீங்காரச்சிட்டுகள் டிரோகிலிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 360 இனங்களைக் கொண்ட இக்குடும்பம் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. ஜெர்மனியில் கிடைத்து 2004ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 3 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்கள், இவற்றின் உறவினங்கள் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் வாழ்ந்தன என்பதைக் காட்டினாலும், அந்தக் கிளை அங்கே தழைக்கவில்லை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடுகட்டி இனப்பெருக்கம் செய்வது ஒரே ஓர் இனம்தான். அதன் ஆணுக்குத் தொண்டைப் பகுதி மாணிக்கம்போல் சிவந்து ஒளிர்வதால் மாணிக்கத்தொண்டை ரீங்காரச்சிட்டு என்று அதைக் குறிப்பிடலாம்.

இதன் எடை ஏறக்குறைய 3 கிராம். நீளம் 7 முதல் 9 சென்டிமீட்டர். நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சிறகடித்து, மலரின் முன்னே அந்தரத்தில் அசையாமல் நின்றபடி தேன் பருகும் ஆற்றல் இதற்கு உண்டு. பிற பறவைகள் சிறகைக் கீழ்நோக்கி அடிக்கும்போதுதான் உடலைத் தாங்கும் விசையைப் பெரும்பாலும் பெறுகின்றன. ரீங்காரச்சிட்டுகளோ மேல்நோக்கிய வீச்சிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விசையைப் பெறுகின்றன என்பது 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் அளந்து அறியப்பட்டது. இவ்வகைப் பறத்தலுக்கு ஆகும் ஆற்றல் மிகப் பெரிது என்பதால், எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், முதுகெலும்புள்ள விலங்குகளில் மிக வேகமான வளர்சிதைமாற்றம் இப்பறவைகளுடையது. பகல் முழுவதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உணவு தேட வேண்டியிருக்கும் இவை, குளிர்ந்த இரவுகளில் உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் வெகுவாகத் தாழ்த்திக்கொண்டு, உறக்கத்தைவிட ஆழ்ந்த மந்த நிலையில் கிடந்து, சேமித்த ஆற்றலை விடியும்வரை காத்துக்கொள்கின்றன.

குளிர்காலத்தை மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் கழிக்கும் மாணிக்கத்தொண்டைச் சிட்டு, வசந்தத்தில் வடக்கே வந்து இலையுதிர்காலத்தில் தெற்கே திரும்புகிறது. இப்பயணத்தில் பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவின் மேலே ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தூரத்தை இடைநில்லாமல் கடக்கின்றன. நடுக்கடலில் மலரும் இல்லை, அமர்வதற்குக் கிளையும் இல்லை என்பதால், புறப்படும் முன்பே உடலில் கொழுப்பைச் சேர்த்து எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொள்கின்றன. வழியிலுள்ள தோட்டங்களில் எந்த மாதத்தில் எந்த மலர் பூக்கிறது என்பது ஆகவே இப்பறவைக்கு உயிர் சார்ந்த செய்தி.

தேனீ காணத் தவறும் நிறம்

செந்நிறத்தின் பொருளை அறியத் தேனீயின் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். தேனீயின் கண்ணில் புற ஊதா, நீலம், பச்சை ஆகிய மூன்று ஒளிப்பகுதிகளை உணரும் செல்கள் உள்ளன. நீண்ட அலைநீளமுடைய சிவப்பை உணரத் தனிச் செல்கள் இல்லை. தேனீக்களுக்கு நிறப்பார்வை உண்டு என்பதைக் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மெய்ப்பித்த கார்ல் வான் ஃபிரிஷ், அவை சிவப்பு அட்டையையும் கருஞ்சாம்பல் அட்டையையும் வேறுபடுத்த இயலாமல் தடுமாறுவதையும் கண்டார். தேனீக்குச் செம்மலர் முற்றிலும் கண்ணுக்குப் புலப்படாத பொருள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பசுமையான இலைப் பின்னணியில் நீல மலரோ மஞ்சள் மலரோ எடுத்துக்காட்டும் பளிச்சென்ற வேறுபாடு செம்மலருக்குக் கிடைப்பதில்லை. அதனால் தேனீ அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகிறது. அருகில் எளிதாகக் கண்ணில் படும் மலர்கள் இருக்கும்போது அது அவற்றையே நாடுகிறது.

எல்லாச் சிவப்பும் ஒரே தன்மையது அன்று என்பதும் இங்கே கருதத்தக்கது. ஐரோப்பிய வயல்களில் பூக்கும் பாப்பிச் செடியின் மலர் மனிதக் கண்ணுக்குச் சிவப்பாகத் தோன்றினாலும் புற ஊதா ஒளியை எதிரொளிப்பதால் தேனீக்கு அது தெளிவாகத் தெரிகிறது. பறவைகளை நம்பி வாழும் அமெரிக்கச் செம்மலர்களோ புற ஊதா ஒளியைக் குறைவாகவே எதிரொளிக்கின்றன என்பதை 2011ஆம் ஆண்டில் கிளவுஸ் லுனாவும் அவருடைய ஆய்வுக்குழுவினரும் எடுத்துக்காட்டினர்.

பறவையின் கண் தேனீயின் கண்ணிலிருந்து பெரிதும் வேறுபட்டது. மனிதக் கண்ணில் நிறங்களை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. பறவையின் கண்ணில் அவை நான்கு வகை. சிவப்பையும் புற ஊதாவையும் ஒருசேர உணரும் இக்கண்ணுக்கு, மனிதருக்கு எட்டாத நிறக் கலவைகளும் தனித்தனி நிறங்களாகவே தெரிகின்றன என்பதை, கொலராடோ மாநிலத்தின் ராக்கி மலைப் பகுதியில் காட்டு ரீங்காரச்சிட்டுகளைக் கொண்டு நடத்தி 2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சோதனைகள் உறுதிப்படுத்தின. இவ்வளவு நிறங்களைக் காணும் பறவை சிவப்பை மட்டும் விரும்பக் காரணமில்லை. அரிசோனாவில் ஃபிராங்க் பெனே 1940களில் நடத்திய சோதனைகளில், சர்க்கரை நீர் எந்த நிறக் கலத்தில் கிடைக்கிறதோ அந்த நிறத்தையே ரீங்காரச்சிட்டுகள் விரைவில் நாடக் கற்றுக்கொண்டன.

கற்றலோடு நினைவாற்றலும் சேர்ந்தே இப்பறவையை வழிநடத்துகிறது. 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், செயற்கை மலர்களுள் சில பத்து நிமிடங்களுக்கு ஒருமுறையும் சில இருபது நிமிடங்களுக்கு ஒருமுறையும் நிரப்பப்பட்டபோது, காட்டு ரீங்காரச்சிட்டுகள் எந்த மலர் எப்போது நிரம்பும் என்பதை நினைவில் கொண்டு அதற்கேற்பத் திரும்பி வந்தன. தேனீக்கள் குறைவாகத் தொடும் மலரில் தேன் மிஞ்சியிருக்கும். அத்தகைய மலர்களுள் பல சிவப்பாக இருக்கும். ஒருமுறை பயன் கண்ட பறவை அந்நிறத்தை அடையாளமாகக் கொள்ளும். இவ்வாறு படிப்படியாகச் சிவப்பு, பறவைக்கும் செடிக்கும் இடையே ஒரு பொது அடையாளமாக நிலைத்தது.

நிறத்தின் ஆற்றலை நேரடியாக அளந்த சோதனை 2003ஆம் ஆண்டில் வெளியானது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளரும் மிமுலஸ் என்னும் பேரினத்தில், தேனீக்கள் நாடும் இளஞ்சிவப்பு மலருடைய ஓர் இனமும், ரீங்காரச்சிட்டுகள் நாடும் செம்மலருடைய மற்றோர் இனமும் நெருங்கிய உறவுடையவை. இதழில் மஞ்சள் நிறமி சேர்வதைக் கட்டுப்படுத்தும் ஒரே மரபணுப் பகுதியை இவ்விரு இனங்களுக்கிடையே பிராட்ஷாவும் ஷெம்ஸ்கியும் மாற்றிப் புகுத்தினர். மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் பெற்ற முதலினத்துக்கு ரீங்காரச்சிட்டுகளின் வருகை 68 மடங்கு கூடியது. கருமையான இளஞ்சிவப்பாக மாறிய இரண்டாமினத்துக்குத் தேனீக்களின் வருகை 74 மடங்கு கூடியது. மலரின் வடிவமும் தேனும் பெரும்பாலும் மாறாமலிருக்க, நிறம் மாறியதும் விருந்தினரும் மாறினர்.

மலரின் வடிவமும் தேனின் செறிவும்

செடியின் நோக்கிலிருந்து பார்த்தால், மகரந்தச் சேர்க்கைக்குப் பறவை பல வகைகளில் நம்பத்தக்க தூதர். தேனீ தன் புழுக்களுக்கு உணவாக மகரந்தத்தைத் திரட்டிக் கூட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறது. பறவைக்கு மகரந்தத்தால் பயன் இல்லை என்பதால், நெற்றியிலும் அலகிலும் ஒட்டிய மகரந்தத்தின் பெரும்பகுதி அடுத்த மலருக்குச் சென்று சேர்கிறது. பூச்சிகள் முடங்கிவிடும் குளிர்ந்த காலையிலும் வெப்ப இரத்தப் பறவை தன் பணியைத் தொடர்கிறது.

இத்தூதருக்கு ஏற்றபடியே மலரின் அமைப்பும் உள்ளது. இதழ்கள் இணைந்து நீண்ட குழலாகின்றன. பூச்சி இறங்கி நிற்பதற்கான மேடைபோன்ற இதழ் சிறுத்தோ பின்னோக்கி மடிந்தோ காணப்படுகிறது. மகரந்தப்பைகளும் சூலகமுடியும் குழலுக்கு வெளியே நீண்டு பறவையின் நெற்றியைத் தொடும் இடத்தில் அமைகின்றன. பறவைகளுக்கு மோப்பத்தைவிடப் பார்வையே வழிகாட்டி என்பதால் இம்மலர்களுள் பெரும்பாலானவற்றுக்கு மணம் இல்லை.

தேனின் செறிவும் இந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதியே. இம்மலர்களின் தேனில் சர்க்கரை பொதுவாக 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கிறது; தேனீக்கள் விரும்பும் மலர்களின் தேன் பெரும்பாலும் இதைவிடச் செறிவானது. நீர்த்த தேன் ரீங்காரச்சிட்டின் நாக்குக்கு எளிதாக ஏறுகிறது. இந்த நாக்கு மெல்லிய குழாய்போல் தேனை உறிஞ்சுகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அதன் நுனி இரண்டாகப் பிளந்து, தேனைத் தொட்டதும் ஓர மடல்கள் விரிந்து, வெளியே இழுக்கும்போது சுருண்டு தேனைச் சிறைப்பிடிக்கின்றன என்பதை 2011ஆம் ஆண்டில் அலெஹாண்ட்ரோ ரிக்கோ-குவாராவும் மார்கரெட் ரூபேகாவும் அதிவேகக் காணொளிப் பதிவால் காட்டினர். பறவைகளின் மூதாதையர் இனிப்பை உணரும் மரபணு ஒன்றை இழந்துவிட்டிருந்தனர். ரீங்காரச்சிட்டுகளில் புரதச் சுவையை உணரும் ஏற்பிகளே மாற்றமடைந்து இனிப்பை உணரும் பணியை ஏற்றன என்று 2014ஆம் ஆண்டில் மாட் பால்ட்வினும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்தனர்.

தமிழகத்துத் தோட்டங்களில் செம்பருத்தியிலும் கல்யாண முருங்கையிலும் தேன் குடிக்கும் தேன்சிட்டைச் சிலர் ஹம்மிங் பறவை என்றே எண்ணுவதுண்டு. உருவில் சிறிதாகவும் வளைந்த அலகோடும் காணப்படும் தேன்சிட்டு முற்றிலும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே வகை உணவை நாடியதால் தொடர்பற்ற இரு குடும்பங்கள் ஒத்த தோற்றம் பெற்றன. உறவின்றி ஒற்றுமை தோன்றும் இந்நிகழ்வை உயிரியலார் குவிப் பரிணாமம் என்பர். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ அமர்ந்துதான் தேன் பருகும். தமிழகத்தில் எளிதில் வளரும் கல்வாழை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி என்பதும், அதன் தாயகத்தில் ரீங்காரச்சிட்டுகள் நாடும் மலர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை.

பருவந்தோறும் ஒரு செம்மலர்

வட அமெரிக்கத் தோட்டத்துக்கு ஏற்ற செடிகளைத் தேர்ந்தெடுக்கையில் பல்லாண்டுச் செடிகள் தனிச்சிறப்புப் பெறுகின்றன. குளிர்காலத்தில் தரைக்கு மேலுள்ள பகுதி வாடினாலும் வேர் உயிரோடிருந்து வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கும் செடிகளே பல்லாண்டுச் செடிகள் எனப்படுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் அதே பருவத்தில் பூக்கும் இவை, இடத்தையும் காலத்தையும் நினைவில் வைக்கும் பறவைக்கு மிகவும் பொருத்தமானவை. கால்வளையமிட்டு நடத்திய ஆய்வுகளில், பல பறவைகள் முந்தைய ஆண்டு வந்த தோட்டத்துக்கே மறுபடியும் வருவது பதிவாகியுள்ளது.

வசந்தத்தில் முதலில் வரவேற்பது கிழக்கத்திய கொலம்பைன் செடி. ஏப்ரல், மே மாதங்களில் தலைகவிழ்ந்து தொங்கும் இதன் மலரில், சிவந்த ஐந்து இதழ்கள் பின்னோக்கி நீண்ட குழல்களாகி, ஒவ்வொன்றின் முனையிலும் தேன் தேங்கியிருக்கும். கீழிருந்து மேல்நோக்கி அலகை நுழைக்கும் ஆற்றலுள்ள பறவைக்கு இது எளிய விருந்து. அரைநிழலிலும் பாறை இடுக்கிலும் வளரும் இச்செடியின் ஆயுள் சில ஆண்டுகளே எனினும், உதிரும் விதைகளிலிருந்து தானாகவே புதிய செடிகள் முளைத்துவிடுகின்றன. இதையடுத்து, வெளிப்புறம் சிவப்பும் உட்புறம் மஞ்சளுமான இந்தியன் பிங்க் நிழலான இடத்தில் பூக்கிறது. வேலியிலோ பந்தலிலோ படரவிடுவதற்குப் பவளநிறக் குழல் மலர்களுடைய உள்நாட்டு ஹனிசக்கிள் கொடி ஏற்றது. இதன் உறவினமான ஜப்பானிய ஹனிசக்கிள் காடுகளில் ஆக்கிரமித்துப் பரவும் களையாகிவிட்டதால் தவிர்க்க வேண்டியது.

கோடையின் நடுவில் மொனார்டா பூக்கிறது. புதினாக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் இலை நறுமணமுடையது. ஸ்பானிய மருத்துவர் நிக்கோலஸ் மொனார்டஸின் பெயரால் அழைக்கப்படும் இச்செடியின் இலைகளிலிருந்து தயாரித்த பானத்துக்கு ஆஸ்வீகோ தேநீர் என்று பெயர். காற்றோட்டம் குறைந்த இடத்தில் இலைகளின்மீது வெண்ணிறச் சாம்பல்நோய் படர்வது இதன் குறை. செடிகளுக்கிடையே போதிய இடைவெளி விட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வேர்க்கட்டையைப் பிரித்து நட்டால் இக்குறை பெரிதும் தணியும்.

கோடையின் இறுதியில், பறவைகள் தெற்கு நோக்கிய பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் காலத்தில், கார்டினல் மலர் பூக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால்கள் அணியும் செவ்வாடையின் நிறத்தால் பெயர்பெற்ற இம்மலருக்கு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் லோபீலியா கார்டினாலிஸ் என்று அறிவியல் பெயரிட்டார். ஓடைக்கரைகளில் இயல்பாக வளரும் இச்செடி ஒரு மீட்டர் உயரம்வரை நிமிர்ந்து நின்று, ஜூலை முதல் செப்டம்பர் வரை கீழிருந்து மேலாகப் பூக்கிறது. இதன் ஐந்து மகரந்தப்பைகளும் ஒன்றுசேர்ந்து ஒரு குழாயாக அமைந்துள்ளன. ஒவ்வொரு மலரும் முதலில் மகரந்தத்தை வெளியிட்டுவிட்டு, அதன் பின்னரே அதே குழாயின் வழியாகச் சூலகமுடியை வெளியே நீட்டுகிறது. இதனால் தன்மகரந்தச் சேர்க்கை குறைந்து, வேறு மலரின் மகரந்தம் பறவையின் நெற்றியிலிருந்து வந்து சேர வழி ஏற்படுகிறது. ஈரம் வற்றாத மண் இதற்கு இன்றியமையாதது. நுண்ணிய விதைகள் முளைக்க ஒளி தேவை என்பதால் அவற்றை மண்ணால் மூடாமல் மேலே தூவுவதே முறை. குளிர்காலத்திலும் பச்சையாகவே தரையோடு ஒட்டிக்கிடக்கும் இலைக்கொத்தின்மீது சருகு குவிந்தால் செடி அழுகிவிடும்.

நடும் முறையும் பறவையின் இயல்பைத் தழுவியிருக்க வேண்டும். ஒற்றைச் செடிகளைச் சிதறவிடாமல் ஒரே இனத்தைக் கொத்தாக நட்டால் பறந்து வரும் பறவைக்குத் தொலைவிலிருந்தே தெரியும். ஆண் சிட்டு தனக்கெனப் பிடித்த மலர்க்கூட்டத்தைப் பிற சிட்டுகளிடமிருந்து விரட்டிக் காப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணில் படாதபடி இரண்டு மூன்று இடங்களில் கொத்துகளை அமைத்தால் பல பறவைகள் பசியாறும்.

நிறத்தின் வாக்குறுதி

தோட்டக்காரரின் நல்லெண்ணம் வீணாகும் இடங்களும் உண்டு. அடுக்கு மலர்களை உருவாக்கும்போது மகரந்தத்தாள்கள் பல வேளைகளில் இதழ்களாக மாறிவிடுவதால், கண்ணைக் கவரும் அம்மலர்களில் தேன் குறைந்தோ எட்டாமலோ போகிறது. குழல் வடிவமில்லாத சிவப்பு ரோஜா எவ்வளவு பூத்தாலும் இப்பறவையின் பசி தீராது. செடிகளுக்குத் துணையாகச் சர்க்கரை நீர்க் கலம் தொங்கவிடுவோர், ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர் என்ற அளவில் கலக்க வேண்டும். அது மலர்த்தேனின் இயல்பான செறிவுக்கு நெருங்கிய அளவு. கலத்தின் ஏதேனும் ஒரு பகுதி சிவப்பாக இருந்தாலே போதும் என்பதால் நீரில் சிவப்புச் சாயம் கலப்பது தேவையற்றது. தேன் கலந்த நீரில் பூஞ்சை எளிதில் வளரும் என்பதால் தேனையும் தவிர்க்க வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை கலத்தைக் கழுவி நீரை மாற்ற வேண்டும்.

சர்க்கரை பறக்கும் ஆற்றலைத் தருமேயன்றி உடலை வளர்க்காது. தசைக்கும் இறகுக்கும் வேண்டிய புரதத்தைச் சிறு பூச்சிகளிலிருந்தும் சிலந்திகளிலிருந்துமே இப்பறவை பெறுகிறது. பெண் சிட்டு தனியாகவே கூடுகட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இட்டு, குஞ்சுகளுக்குப் பூச்சிகளை ஊட்டி வளர்க்கிறது. கூட்டை இணைத்துப் பிடிப்பதும் குஞ்சுகள் வளர வளர விரிந்துகொடுப்பதும் சிலந்தி இழைதான். பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்ட தோட்டம் இப்பறவையின் இரையையும் கூட்டுப்பொருளையும் ஒருங்கே அழித்துவிடுகிறது. செடியின் உடலெங்கும் ஊடுருவும் வகை நச்சுகள் மலரின் தேனிலும் கலந்துவிடுவதால், நாற்றுப்பண்ணையில் செடி வாங்கும்போதே அது எவ்வாறு வளர்க்கப்பட்டது என்று கேட்டறிவது அவசியம்.

செம்மலர் ரீங்காரச்சிட்டுக்குத் தேன் உண்டு என்று சொல்கிறது. பறவை அச்சொல்லை நம்பக் கற்றுக்கொண்டு, கண்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பயணம் செய்கிறது. ஆகவே தோட்டத்தில் ஒரு சிவப்பு மலரை நடுபவர், அந்த மலரில் தேன் இருப்பதையும், அத்தேனில் நஞ்சு இல்லாதிருப்பதையும், ஏப்ரலில் பூத்த செடி ஓய்ந்தால் ஜூலையிலும் செப்டம்பரிலும் பூக்க வேறு செடிகள் இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். கொலம்பைன், மொனார்டா, கார்டினல் மலர் என்ற மூன்று செடிகளை நட்டுப் பேணினாலே, மூன்று கிராம் எடையுள்ள ஒரு பயணிக்கு வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை ஒரு வீட்டுத் தோட்டத்தால் உணவளிக்க முடியும்.